பட்டை, புள்ளி, எழுத்து: வால்வு செட்டுக் குறிகள் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

வால்வு ரேடியோ, பழைய ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றின் ரெசிஸ்டர்களிலும் கண்டென்சர்களிலும் மதிப்பு நேரடியாக எழுதப்பட்டிருப்பது குறைவு. நிறப் பட்டையாகவோ, புள்ளியாகவோ, ஓரிரு எழுத்தாகவோதான் இருக்கும். திருப்பதியை உள்ளடக்கியிருந்த சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாநிலத்தோடு சேர்ந்திருந்தது. 1938இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையத்தைப் பிடிக்கவும் இலங்கை வானொலியைக் கேட்கவும் பிலிப்ஸ், மர்பி செட்டுகளை அங்கே ஒரு தலைமுறையே வாங்கியது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் எச்.எம்.வி. இசைத்தட்டாக வந்தபோது அதை ஒலிக்கச் செய்தவையும் இத்தகைய கருவிகளே. பரணிலிருந்து இறக்கிய செட்டில் குறியைத் தவறாகப் படித்தால், பிழைக்கக்கூடிய கருவியும் பாழாகும்.

நிறப் பட்டைகளை இடமிருந்து வலமாகப் படித்தால் போதும் என்பது முதல் நம்பிக்கை. நான்கு பட்டை ரெசிஸ்டருக்கு இது சரி: முதல் இரண்டு இலக்கங்கள், மூன்றாவது எத்தனை சுழி என்பது, நான்காவது டாலரன்ஸ். தங்க நிறம் 5 சதவீதம், வெள்ளி 10. நான்காவது பட்டையே இல்லையென்றால் 20. ஆனால் 1940களின் செட்டுகளில் பட்டையே இல்லாத ரெசிஸ்டர்கள் உண்டு. அவற்றில் உடல் நிறம் முதல் இலக்கம், முனை நிறம் இரண்டாவது, நடுவில் உள்ள புள்ளி சுழிகளின் எண்ணிக்கை. பச்சை உடல், கறுப்பு முனை, ஆரஞ்சுப் புள்ளி என்றால் 50,000 ஓம். சென்னை ரிச்சி தெருவுக்கே போய் 50 கிலோ ஓம் கேட்டாலும் 47 கிலோ ஓம்தான் கொடுப்பார்கள். தயங்காமல் வாங்கலாம். 20 சதவீத ரெசிஸ்டர் புதிதாக இருந்தபோதே 40க்கும் 60க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருந்திருக்கும்.

நிறம் சரியாகத் தெரிந்தால் மதிப்பும் சரி என்று நம்புவது இதைவிடப் பெரிய தவறு. குறி சொல்வது தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் மதிப்பை. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் சூட்டிலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்தால் மதிப்பு மேலே ஏறிவிடும். திருப்பதியின் சித்திரை வெயிலில் பரணில் கிடந்த செட்டில் இதை எதிர்பார்க்கவே வேண்டும். அவுட்புட் வால்வுக்குப் பக்கத்தில் இருப்பவற்றில் சிவப்பும் பழுப்பும் ஆரஞ்சும் ஒரே நிறமாக வெந்து போயிருக்கும். ஒரு காலைச் சால்டர் நீக்கித் தூக்கி, மல்டிமீட்டரில் அளப்பதே வழி. சர்க்யூட்டில் இருக்கும்போது அளந்தால், இணையாக உள்ள பாதைகள் காரணமாக மீட்டர் குறைத்துக் காட்டும்.

கண்டென்சர்களில் குழப்பம் அதிகம். அதற்குக் காரணம் பெரும்பாலும் 'கே' என்ற ஒரே எழுத்து. இன்றைய கண்டென்சரில் 104கே என்றிருந்தால், 10க்குப் பின் நான்கு சுழி, அதாவது 1,00,000 பிக்கோ ஃபாரட், 0.1 மைக்ரோ ஃபாரட். அங்கே 'கே' என்பது 10 சதவீத டாலரன்ஸ். பழைய பிலிப்ஸ் கண்டென்சரிலோ 'கே' என்றால் ஆயிரம் பிக்கோ ஃபாரட். இதனால் 100கே என்ற குறி பிலிப்ஸ் தார் கண்டென்சரில் 0.1 மைக்ரோ ஃபாரட். இன்றைய சிறு செராமிக்கில் 10 பிக்கோ ஃபாரட். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! உருவத்தைப் பார்த்தாலே பிரித்துவிடலாம்: முன்னது கறுப்புத் தார் பூசிய உருளை, பின்னது சட்டைப் பொத்தான் அளவே உள்ள தட்டு. பழைய செட்டுகளின் எம்.எஃப்.டி. என்பதும் மில்லி அல்ல, மைக்ரோ ஃபாரட்டே. எம்.எம்.எஃப்.டி. என்றால் பிக்கோ ஃபாரட்.

பேப்பர் கண்டென்சரின் ஒரு முனையில் உள்ள கறுப்புக் கோட்டை நெகடிவ் என்று பலர் கொள்கிறார்கள். பேப்பர் கண்டென்சருக்கு பாசிடிவ், நெகடிவ் கிடையாது. உள்ளே சுருட்டிய இரண்டு தகடுகளில் வெளியே அமைந்த தகடு எந்தக் காலோடு சேர்ந்தது என்பதையே அந்தக் கோடு காட்டுகிறது. ஒரு கால் சேசிஸுக்குப் போகும் இடத்தில் கோடுள்ள காலை அங்கே இணைத்தால் வெளித்தகடு கவசமாக நின்று உறுமலைக் குறைக்கும். மாற்றி வைத்தாலும் எதுவும் வெடிக்காது.

போலாரிட்டி உண்மையிலேயே முக்கியமான இடத்தில், கோடு என்றால் நெகடிவ் என்ற பழக்கம் ஆபத்தில் கொண்டுபோய் விடும். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு நெகடிவ். பெட்டி போன்ற வார்ப்பு டான்டலத்தில் கோடு பாசிடிவ். பிற்காலத்து டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்க்கும்போது டான்டலத்தைத் தலைகீழாக வைத்தால் தீப்பற்றலாம். இருபுறமும் கால் உள்ள அலுமினிய வகையில் பள்ளம் விழுந்த முனை பாசிடிவ். ஒரே டப்பாவில் பல கண்டென்சர்கள் இருந்தால், அடியில் சதுரம், முக்கோணம், அரைவட்டம் என்று வெட்டியிருக்கும்; எந்த வடிவத்துக்கு எத்தனை மைக்ரோ ஃபாரட் என்பது டப்பாவின் பக்கத்தில் அச்சாகியிருக்கும்.

கண்டென்சரில் 350 வோல்ட் என்று எழுதியிருந்தால் 350தான் போட வேண்டும் என்பதில்லை; 450 வோல்ட் தாராளமாகப் போடலாம். குறையத்தான் கூடாது. ஆனால் மைக்ரோ ஃபாரட்டுக்கு இந்தத் தாராளம் கிடையாது. ரெக்டிஃபயராக ஈஇசட்80 வால்வு இருந்தால் அதை அடுத்த முதல் ஃபில்டர் கண்டென்சர் 50 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டக் கூடாது. உறுமலைப் போக்க 220 வைத்தால் வால்வு போய்விடும்.

குறி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நம்பக் கூடாத உறுப்பு ஒன்று உண்டு: அவுட்புட் வால்வின் கிரிடுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சர். பழைய பேப்பர் வகை கசியத் தொடங்கினால் ஈஎல்84 போன்ற வால்வின் கிரிடில் பாசிடிவ் வோல்டேஜ் ஏறி, வால்வு சூடாகி, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். பல ஆண்டுகள் ஓடாத செட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் முன் இதை மாற்றிவிட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 250 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். சில ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே உள்ளே கை வையுங்கள்.