உணவை மறுக்கும் குழந்தை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊரில், மீன்குழம்பும் சோறும் இருக்கப் பிஸ்கட்டை மட்டுமே கேட்டு அழும் ஆட்டிசக் குழந்தையைத் தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்றும், ஒரு நாள் பட்டினி போட்டால் தானே தின்னும் என்றும் கருதுவது, குழந்தையோடு தாயையும் வருத்தும் தவறான நம்பிக்கையாகும். 1943-இல் ஆட்டிசத்தை விரிவாக விவரித்த லியோ கேனர், தாம் கண்ட 11 குழந்தைகளில் பலருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே உணவுச் சிக்கல் இருந்ததைக் குறித்திருக்கிறார்.

இக்குழந்தைகளில் பலர் மணத்தையும் சுவையையும் வழுவழுப்பையும் பிறர் தாங்குமளவுக்குத் தாங்குவதில்லை. அதோடு, எதுவும் மாறாமல் இருப்பதையே நாடுகின்றனர். வலையில் இன்று சாளையும் நாளை அயிலையும் விழ, தேங்காய் அரைப்பும் புளியும் நாளுக்கு நாள் வேறுபட, எந்தக் கவளத்தில் முள் தட்டுப்படும் என்பதும் தெரியாத நிலையில், என்றும் ஒரே நிறமும் ஒரே மொறுமொறுப்பும் கொண்ட பிஸ்கட் குழந்தைக்கு அச்சமற்ற உணவாகிறது. பசியை உணர்ந்து சொல்வதே சிலருக்குக் கடினம் என்பதால் பட்டினி வழியாகாது. மலச்சிக்கலோ பல்வலியோ இருந்து, அதைச் சொல்ல மொழியின்றி உணவை மறுப்பதும் உண்டு.

எடை சரியாக இருந்தால் ஊட்டமும் சரி என்பதும் பிழையே. சில உணவுகளை மட்டுமே ஏற்ற ஆட்டிசக் குழந்தைகள் நடக்க மறுத்து, ஈறில் குருதி கசிய மருத்துவமனைக்கு வந்தபோது, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்டறியப்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்துள்ளன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான பகுப்பாய்வு, இக்குழந்தைகளின் உணவில் புரதமும் கால்சியமும் குறைந்திருப்பதைக் கண்டது. இந்நிலையில், கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசம் குணமாகும் என்று நம்பி, தக்க சான்று இல்லாமலே, பிஸ்கட்டும் பாலும் மட்டும் ஏற்கும் குழந்தையிடமிருந்து அவற்றைப் பறிப்பது கொடுமை.

குழந்தை ஏற்கும் உணவை விடாமல் வைத்துக்கொண்டு, அதன் ஒரு தன்மையையேனும் கொண்ட வேறு உணவை மெல்ல அறிமுகப்படுத்துவதே பயன்தரும் முறை. மொறுமொறுப்பை விரும்பும், நன்றாக மெல்லத் தெரிந்த குழந்தையின் தட்டில் பிஸ்கட்டுக்கு அருகே மொறுமொறுவெனப் பொரித்த பொடிநெத்திலி ஒன்றை வற்புறுத்தாமல் பலநாள் வைக்கலாம். முள்ளோடு தின்னும் அம்மீனில் புரதமும் கால்சியமும் சேர்ந்தே கிடைக்கின்றன. உண்ணும்போது அடிக்கடி புரையேறும் குழந்தைக்கு இம்முயற்சிக்கு முன்பே விழுங்கும் திறனைச் சோதிக்க வேண்டும். அதற்கு முதலில் நாட வேண்டியது, 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம்.