கைபேசி அறிந்த பிள்ளையும் கண்மாய் அறிந்த தந்தையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே, பிளவக்கல்லில் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் அமைந்துள்ளன. இவற்றின் நீரை நம்பி நெல்லும் தென்னையும் வளர்க்கும் உழவர் இல்லங்களில் இன்று கைபேசி நுழையாத இல்லம் அரிது. தந்தை அதனைப் பேசுவதற்கு வாங்குகிறார். பிள்ளையோ, எவரும் கற்பிக்காமலே, அதன் எல்லா வழிகளையும் அறிந்துகொள்கிறது. இத்தகைய பிள்ளைகளுக்குப் பள்ளியில் எவ்வாறு கற்பிப்பது என்பது ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய வினா அன்று. ஊராட்சிப் பணியில் உள்ளோரும் பெற்றோரும் ஆராய வேண்டிய வினாவாகும்.

இக்கருவிகளோடு பிறந்து வளர்ந்த தலைமுறையை ‘எண்ணியல் உலகின் பிறவிக் குடிகள்’ என்னும் பொருளில் அமெரிக்கரான மார்க் பிரென்ஸ்கி 2001-ஆம் ஆண்டில் அழைத்தார். கருவியைக் கையில் கொடுத்தால் கல்வி தானே வந்துவிடும் என்று பலர் அன்று எண்ணினர். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருந்தொகையில் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அங்கு நாட்டுப்புறப் பள்ளிகளில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்ததாகக் காணப்படவில்லை.

நம் நாட்டு நிலை என்ன? கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி பற்றிய 2024-ஆம் ஆண்டின் அசர் அறிக்கை, 14 முதல் 16 வயதுள்ளோரில் நூற்றுக்கு 82 பேருக்குத் திறன்பேசியைக் கையாளத் தெரியும் என்கிறது. முந்திய ஒரு வாரத்தில் அதனைக் கல்விக்குப் பயன்படுத்தியோர் நூற்றுக்கு 57 பேர். சமூக வலைத்தளங்களுக்குப் பயன்படுத்தியோர் 76 பேர். ஆகவே விரலின் விரைவு வேறு, அறிவின் தெளிவு வேறு என்பதை நாம் முதலில் உணர வேண்டும்.

நமது அரசு கருவிகளை வழங்குவதில் பின்தங்கவில்லை. 2011 முதல் மாணவர்க்கு மடிக்கணினி, 2018 முதல் பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடு, 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் ‘மணற்கேணி’ செயலி என வசதிகள் வந்துள்ளன. மணற்கேணி என்பது திருக்குறளில் வரும் சொல். கேணி இருந்தால் மட்டும் போதாது, தோண்டுவோரும் வேண்டும் என்பதை அப்பெயரே நினைவூட்டுகிறது. அவ்வாறு தோண்டும் பாடம் எப்படி இருக்கும் என்பதற்கு நமது அணையிலிருந்தே இரண்டு சான்றுகள் கூறுவோம்.

முதலாவது, கணக்குப் பாடம். பெரியாறு அணையின் முழு உயரம் சுமார் 47 அடி. மழைக்காலத்தில் நாளிதழ்களிலும் கைபேசியிலும் வரும் நீர்மட்டத்தை மாணவர் நாள்தோறும் குறித்து, கட்டத்தாளில் கோடாக வரையட்டும். நீர்மட்டம் 39 அடியிலிருந்து ஒரே நாளில் 40 அடிக்கு உயர்ந்ததாகக் கொள்வோம். இதே அளவு நீர் நாள்தோறும் வந்தால் எஞ்சிய 7 அடி எத்தனை நாளில் நிரம்பும்? “ஏழு நாள்” என்று பிள்ளை உடனே கூறும்; கைபேசியின் கணிப்பானும் அதையே கூறும். கண்மாய்க் கரையில் நின்று பழகிய உழவரோ, “அவ்வளவு விரைவில் நிரம்பாது” என்பார். ஏனெனில் நீர்நிலை அடியில் குறுகியும் மேலே அகன்றும் இருக்கிறது. மேலே செல்லச் செல்ல ஓர் அடிக்கு வேண்டிய நீர் மிகுகிறது. பரப்பளவு, கனஅளவு என்னும் பாடங்கள் இந்த ஒரு வினாவில் அடங்கியுள்ளன. இங்கே கருவி விவரம் தருகிறது; அனுபவம் அதனைத் திருத்துகிறது; ஆசிரியர் இரண்டையும் இணைக்கிறார்.

இரண்டாவது, செய்தியை ஆராயும் பாடம். “அணை திறக்கப்பட்டது, உடனே வெளியேறுங்கள்” என்று ஒரு செய்தி படத்துடன் வருவதாகக் கொள்வோம். பொய்யானால் வீண் பீதி. மெய்யாக இருந்து நம்பாவிட்டால் உயிருக்கும் உடைமைக்கும் கேடு. இதைச் சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? எதனைக் கண்டு சொன்னார்? இம்மூன்று வினாக்களையும் கேட்கவும், பின்பு நீர்வளத் துறையினரிடமோ வருவாய்த் துறையினரிடமோ உறுதி செய்துகொள்ளவும் மாணவர் பழக வேண்டும். பழைய படத்தைப் புதியதாகக் காட்டவும், இல்லாத படத்தை இயந்திரமே உண்டாக்கவும் இயலும் இக்காலத்தில் இப்பழக்கம் எழுத்தறிவுக்கு நிகரானது. இதனைக் கற்ற பிள்ளை, போலி விதை விளம்பரத்திலிருந்தும் கடன் மோசடியிலிருந்தும் தன் குடும்பத்தையே காக்கும்.

இம்முறை வெற்றி பெற நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. அக்குழு கூடும்போது, எத்தனை கருவிகள் வந்துள்ளன என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அவை வாரத்தில் எத்தனை மணி நேரம் எந்தப் பாடத்திற்கு இயங்கின என்றும் கேட்க வேண்டும். பழுதான கருவியும் மின்தடையும் இணையத் தடையும் கிராம சபையில் எடுத்துரைக்கப்பட வேண்டும். கண்மாய், விதை, மழை பற்றி மாணவர் வினவும் நாளில் மூத்த உழவர் ஒரு மணி நேரம் பள்ளிக்கு வர வேண்டும்.

வீட்டில் ஒரே கைபேசி இருந்து, அதைத் தந்தை வயலுக்கு எடுத்துச் செல்லும் குடும்பங்கள் உள்ளன. கைபேசியே இல்லாத குடும்பங்களும் உள்ளன. ஆதலின் கைபேசி இருந்தால்தான் முடிக்க இயலும் என்ற வீட்டுப்பாடம் தரலாகாது. பள்ளியில் நால்வர் ஒரு குழுவாக ஒரு கருவியைப் பகிர்ந்து கற்பதே முறை. ஒருவர் தேட, ஒருவர் எழுத, ஒருவர் ஐயுற, ஒருவர் எடுத்துரைக்க, அனைவரும் முறை மாறிப் பயில்வர்.

பெற்றோர் பலர், “எமக்கு இக்கருவி தெரியாது, பிள்ளைக்கு நாங்கள் என்ன சொல்ல முடியும்?” என்று ஒதுங்கி நிற்கின்றனர். அவ்வாறு ஒதுங்குதல் வேண்டா. கருவி தெரியாவிடினும் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். இன்று மாலை பிள்ளை கைபேசியை எடுக்கும்போது, “இன்று இதில் என்ன அறிந்தாய்? அது மெய் என்று எப்படி அறிந்தாய்?” என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுமையுடன் அருகில் அமர்ந்திருங்கள்.