பனியாறு நகர்வது எதனால்?



பனியாறு தன் எடையால் நகர்கிறது என்று பள்ளியில் படிக்கிறோம். அது பாதி உண்மைதான். ஒரே கனமுள்ள இரண்டு பனிப்படலங்களில் ஒன்று ஆண்டுக்குச் சில மீட்டரே நகரும். மற்றொன்று பல நூறு மீட்டர் ஓடும். இந்த வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் பனிக்கு அடியில் உள்ள நிலம். சுரங்கத் தொழிலாளியின் மகனான எனக்கு இது எளிதில் விளங்கியது. தங்கவயல் பிள்ளைகளான உங்களுக்கும் விளங்கும்.

1. அடியிலிருந்து வரும் சூடு

நம் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழமுள்ளது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு பூமிக்குள்ளிருந்து வருவது. அண்டார்டிகாவிலும் பல இடங்களில் பனியின் கனம் 3 கிலோமீட்டர். மேலே கடுங்குளிர், ஆனால் அவ்வளவு கனமான பனி கம்பளிபோல் மூடிக்கொள்வதால் பூமியின் சூடு எளிதில் வெளியேற முடிவதில்லை. மேலும், அத்தனை அழுத்தத்தில் பனி பூச்சியத்துக்குச் சுமார் 2 டிகிரி கீழேயே உருகிவிடும். ஆகவே பல இடங்களில் பனியின் அடிப்பாகம் ஈரமாக இருக்கிறது. ஈரமில்லாத இடத்தில் பனி தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

2. கெட்டியான பாறை

அடியில் கெட்டிப் பாறை இருந்தால், உருகிய நீரின் மேல் பனி வழுக்கிச் செல்லும். அதில் புதைந்த கற்கள் பாறையை உளிபோல் கீறும். இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, அண்டார்டிகாவோடும் ஆப்பிரிக்காவோடும் ஒட்டியிருந்தது. ஒடிசாவின் தால்சேர் பகுதியில் மென்களிமண்ணுக்குள் பெருங்கற்கள் சிதறிக் கிடப்பதைக் கண்ட பிளான்ஃபோர்ட் சகோதரர்களும் தியோபால்டும், அது பனியின் வேலை என்று 1856இல் எழுதினார்கள். வெப்ப நாட்டில் பனியா என்று பலர் ஐயுற்றனர். 1875இல் மகாராஷ்டிரத்தின் சந்திராப்பூர் பக்கத்தில் கீறல் விழுந்த சுண்ணாம்புப் பாறைத் தளத்தை ஃபெடன் விவரித்தார். தரையோடு உறைந்துபோன பனி பெரும்பாலும் இப்படிக் கீறாது. எனவே அக்கீறல்கள், அங்கே பனி வழுக்கி நகர்ந்ததற்கு அடையாளம்.

3. இளகிய மண்

நம் சைனைடு மேடுகளை நினைத்துப் பாருங்கள். வெயிலில் மாவுபோல் பறக்கும் அதே மண், மழையில் சேறாகி ஓடையாய் இறங்குகிறது. மண்துகள்களுக்கு இடையே நீர் நிறைந்தால் அவற்றின் பிடி தளர்ந்துவிடும். பனிக்கு அடியிலும் இப்படித்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கனடாவை மூடிய பனிப்படலம் வடக்கே கெட்டிப் பாறைமேல் இருந்தது. தெற்கே இளகிய மண்ணை அடைந்ததும் மெலிந்து, நாக்கு நாக்காக நீண்டது. ஒரு நாக்கு அமெரிக்காவின் அயோவா வரை சென்றது. மேற்கு அண்டார்டிகாவில் வேகமாக ஓடும் ஒரு பனியோடைக்கு அடியில், நீர் ஊறிய மண்படுகை சில மீட்டர் கனத்தில் இருப்பதை 1986இல் நில அதிர்வு ஆய்வு காட்டியது.

நமக்கு என்ன?

நாம் கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேல் வாழ்கிறோம். ஆனால் நம் உறவுகள் சென்னையிலும் நாகையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். மேற்கு அண்டார்டிகப் பனி முழுவதும் கடலில் சேர்ந்தால் கடல்மட்டம் 3 மீட்டருக்கு மேல் உயரும். அது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை, அடியிலுள்ள மண்ணும் நீரும் தெரியாமல் கணிக்க முடியாது. பழைய பனி விட்டுச்சென்ற கீறலும் களிமண்ணும் அதற்கான பாடங்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு பலகைகள் எடுங்கள். ஒன்றில் குழைத்த களிமண் சேற்றைக் கனமாகப் பூசுங்கள். இரண்டிலும் ஒரே அளவுள்ள கருங்கல் துண்டை வைத்து, மெதுவாகச் சாயுங்கள். எது முதலில் நகர்கிறது? கல்லோடு சேறும் நகர்கிறதா?

அடுத்து, சுரங்கத்தில் இறங்கிய பெரியவர் வீட்டில் இருந்தால், ஆழத்தில் சூடும் நீரும் எப்படி இருந்தன என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது. அதை நேரில் கண்டவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.