கியர் விழலையா? முதல்ல லிவரை அளந்து பாருங்க!

இந்தப் பாடம் நாங்க தப்பு பண்ணிக் கத்துக்கிட்டது. அடுத்து புராஜெக்ட் கார் கட்டப்போற ஜூனியர்களுக்கு உதவும்னு எழுதுறோம்.

குழாய்களை வெல்டு செய்து சட்டம் அமைத்து, ஒரு பழைய 800 சிசி காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பின்பக்கம் பொருத்தினோம். கிளட்ச் பெடல், கேபிள் பிராக்கெட் ரெண்டும் நாங்களே செய்தவை. துறைக் கண்காட்சிக்கு 4 நாள் இருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டோம். 'கர்ர்ர்'னு ஒரே சத்தம்! கியர் விழவே இல்லை.

உடனே எல்லாரும் கிளட்ச் பிளேட் மாட்டிய இரண்டாம் ஆண்டு தம்பியைத்தான் பார்த்தோம். "பிளேட்டைத் திருப்பி மாட்டிட்டே"ன்னு தீர்ப்பு சொல்லி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து கியர்பாக்ஸை இறக்கினோம். பிளேட் சரியாகத்தான் இருந்தது. திரும்ப மாட்டினோம். அதே 'கர்ர்ர்'.

காலையில் ஒர்க்‌ஷாப் சார் வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பிங்களா, லிவர் எவ்வளவு நகருதுன்னு அளந்தீங்களா?" நாங்க அளக்கவே இல்லை.

ஸ்லிப்பா, டிராகா?

கிளட்ச் கோளாறு பெரும்பாலும் இந்த ரெண்டில் ஒன்று. ஆக்சிலரேட்டரை மிதிச்சா எஞ்சின் வேகம் ஏறுது, வண்டி வேகம் ஏறலைன்னா அது ஸ்லிப். பிளேட் சரியாகப் பிடிக்கவில்லை. எஞ்சின் நிற்கும்போது கியர் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் உரசினால் அது டிராக்; பிளேட் முழுசாக விடுபடவில்லை. பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோமெஷ் இல்லாததால் டிராக் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பெடலை மிதித்து 5 நொடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்க. அப்பவும் உரசினா டிராக்தான். இந்தச் சோதனைக்கு முன் ஓட்டுச் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க. வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது.

கணக்கு

பெடலில் கால் வைக்கும் இடம் பிவட்டிலிருந்து 240 மி.மீ., கேபிள் மாட்டும் இடம் 40 மி.மீ. அதனால் விகிதம் 6. பெடல் 120 மி.மீ. இறங்கினால் கேபிள் 20 மி.மீ. நகரணும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருத்தர் மிதிக்க, இன்னொருத்தர் கியர்பாக்ஸ் லிவரில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 13 மி.மீ.தான்! மீதி 7 எங்கே போச்சு?

அதில் 2 மி.மீ. நாங்களே கேபிளில் விட்ட தளர்வு. மீதி 5 மி.மீ.க்காக கேபிள் போகும் வழியெல்லாம் பார்த்தோம். காலால் 10 கிலோ அழுத்தினால் உள் ஒயரில் 60 கிலோ இழுவிசை. அதே 60 கிலோவோடு கேபிளின் வெளியுறை பிராக்கெட்டைத் தள்ளும். எங்க பிராக்கெட்டோ 1.5 மி.மீ. தகடு. ஒவ்வொரு மிதிக்கும் 4 மி.மீ. வளைந்துகொண்டிருந்தது. பாக்கி 1 மி.மீ. கேபிளின் வளைவுகளில் போனது.

5 மி.மீ. தகட்டில் புது பிராக்கெட் செய்து, இரண்டு பக்கமும் முக்கோணத் துண்டு வைத்து வெல்டு செய்தோம். லிவர் 17 மி.மீ. நகர்ந்தது. ரிவர்ஸ் சத்தமில்லாம விழுந்தது!

செய்யக் கூடாதது

அட்ஜஸ்டர் நட்டை முழுக்க இறுக்கினால் சரியாகும்னு தோணும். நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். அப்படி இறுக்கினால் ரிலீஸ் பேரிங் எப்பவும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கும். டிராக் போய் ஸ்லிப் வரும், பிளேட் கருகும், பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

லிவர் முழு அளவு நகர்ந்தும் உரசினால் மட்டுமே கோளாறு உள்ளே இருக்கு: பிளேட் கோணியிருக்கலாம், ஸ்ப்லைன் துருப்பிடித்திருக்கலாம், திருப்பி மாட்டியிருக்கலாம். கியர்பாக்ஸை இறக்க வேண்டியது அப்போதுதான்.

கண்காட்சி அன்னிக்கு வண்டியை ஓட்டியது அந்தத் தம்பிதான். முந்தின நாளே எல்லாரும் அவனிடம் மன்னிப்பு கேட்டோம். "பரவாயில்லண்ணா, அடுத்த தடவை ஸ்கேல் எடுத்துட்டு வாங்க"ன்னான். இப்போ எங்க டூல் பாக்ஸில் முதல் தட்டில் இருப்பது அந்த ஸ்டீல் ஸ்கேல்தான்.