அவசர உதவிப் பணம்: நம் காகிதம் யார் கையில்?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: "மேடம், புயல் வந்தா அரசாங்கம் பணம் குடுக்குது. வந்தா வாங்கிக்கிறோம். சரியாப் போகுதான்னு பாக்கிறது ஆபீசர் வேலை. நமக்கென்ன?"

பதிலாக, 2020-ல் நம் மாநிலத்தில் நடந்ததைச் சொன்னேன். இந்த மாதப் பாடமும் அதுதான்.

நடந்தது என்ன?

பிரதமரின் கிசான் திட்டத்தில், சொந்த நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் வரும். கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் தவணையை நிவாரணத் தொகுப்பில் சேர்த்து முன்கூட்டியே கொடுத்தார்கள். அவரவரே கணினியில் பதிவு செய்யவும் வழி இருந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வழியில் புரோக்கர்கள் புகுந்துவிட்டார்கள்.

"கொரோனா பணம் வாங்கித் தர்றேன், ஆதாரும் பாஸ்புக்கும் குடுங்க" என்று கேட்டு, ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்களை விவசாயி என்று பதிந்தார்கள். அதிகாரிகளின் பாஸ்வேர்டை வைத்தே ஒப்புதலும் போட்டார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேருக்கு 110 கோடி ரூபாய் போனதாக அரசே சொன்னது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, பலர் கைதானார்கள், ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள்.

பணத்தை யாரிடம் திரும்பப் பிடித்தார்கள்? கணக்கு யார் பெயரில் இருந்ததோ, அவர்களிடம்தான். புரோக்கருக்குக் கொடுத்த கமிஷன் போனது போனதுதான். அக்கா இதைக் கேட்டதும், "அப்போ மாட்டிக்கிறது நாமதானா?" என்றார்.

தவறு மூன்று விதம்

1. தகுதி இல்லாதவருக்குப் பணம் போவது.
2. தகுதி உள்ளவர் பெயர் விட்டுப்போவது.
3. சரியான ஆளுக்கே குறைத்துக் கொடுப்பது.

எல்லாமே திருட்டு என்று சொல்ல முடியாது. அவசரத்தில் எழுதும்போது பெயர் தப்பாகப் பதிவதும் உண்டு. வெள்ளம் வீட்டுக்குள் நிற்கும்போது பத்து காகிதம் கேட்டு அலைய விடவும் முடியாது. அதனால் பணம் சீக்கிரம் போகணும். கணக்கு பிறகாவது எல்லார் கண்ணிலும் படணும். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்துக்குப் பிறகு ரேஷன் கடையில் 6,000 ரூபாய் கொடுத்தபோது, முதலில் டோக்கன் கொடுத்துவிட்டுத்தான் பணம் கொடுத்தார்கள். இதில் எந்த அட்டைக்குப் போனது என்று பிறகு சரிபார்க்க முடியும்.

நம் குழு என்ன செய்யலாம்?

1. ஆதார், பாஸ்புக் நகலைக் கொடுக்கும்போது எதற்கு என்று அதன் மேலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.
2. போனில் வரும் ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். எதற்கு என்று தெரியாமல் கைரேகை வைக்காதீர்கள்.
3. "கமிஷன் குடுத்தா வாங்கித் தர்றேன்" என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். நிவாரணத்துக்குக் கமிஷன் கிடையாது.
4. காரணம் தெரியாத பணம் கணக்கில் வந்தால் செலவழிக்காமல் வங்கியில் கேளுங்கள்.
5. பயனாளிப் பட்டியலைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன விதவை, தனியாக இருக்கும் பாட்டி, அட்டை இல்லாத குடும்பம் யார் என்று நம் தெருவில் நமக்குத்தானே தெரியும்! அந்தப் பெயர்களைத் தீர்மான நோட்டில் எழுதி, மனுவாகக் கொடுங்கள்.
6. பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது.

குழுவில் ஐம்பது ரூபாய் சந்தா குறைந்தாலும் கணக்கு கேட்கிறோம். அதே பழக்கம் ஊர்ப் பணத்துக்கும் வரட்டும்.

கூட்டத்தில் பேசுங்கள்

* நம் ஆதார் நகல் இப்போது யார் யாரிடம் இருக்கிறது?
* கடைசியாக வந்த நிவாரணத்தில் நம் தெருவில் யார் பெயர் விட்டுப்போனது?