போட்டோவில் இருப்பது நாம்தானா?



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுவின் கடன் மனுவோடு நாங்களும் வங்கிக்குப் போயிருந்தோம். பன்னிரண்டு பேர் உள்ள குழு. தீர்மானம், வரவு செலவு, உறுப்பினர் பட்டியல் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மேலாளர் ஒவ்வொரு படிவத்திலும் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்ப்பார், எதிரில் நிற்பவரைப் பார்ப்பார், அடுத்த படிவத்துக்குப் போவார். ஐந்தாவது படிவம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"இது யாரும்மா? இவங்களை உள்ளே வரச் சொல்லுங்க."

"நான்தான் சார் அது" என்றார் முன்னால் நின்ற அக்கா.

மேலாளர் நம்பவில்லை. அந்தப் போட்டோவைப் பார்த்தபோது எங்களுக்கே சந்தேகம் வந்தது. அக்கா எப்போதும் கண்ணாடி போடுபவர். போட்டோவுக்காகக் கழற்றி வைத்திருந்தார். பக்கத்து வீட்டு நெக்லஸை வாங்கிப் போட்டு, பவுடரை நிறையப் பூசியிருந்தார். போதாததற்கு ஸ்டுடியோக்காரத் தம்பி கம்ப்யூட்டரில் முகத்தை வெள்ளையாக்கி, கன்னத்து மச்சத்தையும் எடுத்துவிட்டார். "நல்லா விழணும்னுதானே மேடம் செஞ்சேன்" என்று அக்கா கலங்கிவிட்டார்.

புதிய போட்டோ எடுக்க ஒருநாள் கூலி போனது, பஸ் செலவு வேறு. அதற்குள் மேலாளர் விடுப்பில் போய்விட, பன்னிரண்டு பேரின் மனுவும் பத்து நாள் தள்ளிப்போனது. ஆடு வாங்க இருந்த இரண்டு பேர் அந்த வாரச் சந்தையைத் தவறவிட்டார்கள். ஒரு சின்னப் போட்டோவால் இத்தனை சிரமம். அதனால்தான் இந்த இதழில் இதையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

போட்டோ எதற்காகக் கேட்கிறார்கள்?

கல்யாண ஆல்பத்துக்கு எடுக்கும் போட்டோ அழகுக்காக. வங்கிக்கும் அலுவலகத்துக்கும் எடுக்கும் போட்டோ அடையாளத்துக்காக. நம் பெயரில் வேறு யாரும் பணம் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முகத்தைக் கேட்கிறார்கள். 1993இல் வாக்காளர் அட்டையில் புகைப்படம் வந்ததும் இதற்காகத்தான். ஒருவர் ஓட்டை இன்னொருவர் போடாமல் தடுப்பதற்கு.

குழுவுக்குச் சேமிப்புக் கணக்கு தொடங்கும்போது நிர்வாகிகளின் ஆவணங்கள் மட்டும் போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் கடன் இணைப்பின்போது எல்லா உறுப்பினர்களையும் வங்கி சரிபார்க்கலாம். ஆகவே ஊக்குநர், பிரதிநிதி மட்டுமல்ல, குழுவில் உள்ள ஒவ்வொருவரும் சமீபத்தில் எடுத்த தெளிவான போட்டோ வைத்திருப்பது நல்லது. பத்து வருடத்துக்கு முந்தைய போட்டோவையோ, கல்யாணப் படத்தில் வெட்டியெடுத்த முகத்தையோ கொடுக்க வேண்டாம்.

புடவையும் ஜாக்கெட்டும்

பாஸ்போர்ட் அளவு போட்டோ என்பது பொதுவாக 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம். இதில் பெரும்பகுதி முகம்தான். புடவையில் தோள்பட்டை அளவுதான் தெரியும். எனவே பட்டுப்புடவை தேவையில்லை. நிறம்தான் முக்கியம்.

பின்னால் பெரும்பாலும் வெள்ளைத் திரை இருக்கும். வெள்ளை, சந்தனம், வெளிர் மஞ்சள் கட்டினால் தோள் எது, திரை எது என்று தெரியாது. அரக்கு, கரும்பச்சை, நீலம் போன்ற அடர்ந்த நிறம் நன்றாக விழும். பெரிய பூப்போட்டது, ஜரிகை நிறைந்தது வேண்டாம். ப்ளாஷ் வெளிச்சம் ஜரிகையில் பட்டு மின்னும். முந்தானையைத் தோளில் மடித்து ஊக்கு குத்திக்கொண்டால் நழுவாது. ஆதார் மையத்திலும் பாஸ்போர்ட் சேவை மையத்திலும் அவர்களே போட்டோ எடுப்பார்கள். அங்கே போகும்போதும் அடர்ந்த நிறப் புடவையே கட்டிப் போங்கள்.

முகமும் தலையும்

வெயிலில் நடந்துபோய் உடனே கேமரா முன் உட்கார வேண்டாம். முகம் கழுவித் துடைத்து, ஐந்து நிமிடம் காற்றாட உட்காருங்கள். நெற்றியில் எண்ணெய் வழிந்தால் ப்ளாஷில் பளபளக்கும். தலைக்கு எண்ணெய் வைப்பதானால் முதல்நாளே வைத்துக்கொள்ளுங்கள். பவுடரைத் திட்டுத்திட்டாகப் பூசினால் படத்தில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். லேசாகப் போட்டால் போதும், போடாவிட்டாலும் குறைவில்லை.

முடியைப் படிய வாரிக் கட்டுங்கள். நெற்றியிலும் கண்ணிலும் முடி விழக்கூடாது. பூ வைக்கலாம், ஆனால் தோளுக்கு முன்னால் தொங்கவிட வேண்டாம். தினமும் போடும் தோடு, மூக்குத்தி, பொட்டு அப்படியே இருக்கட்டும். முக்காடு போடும் முஸ்லிம் சகோதரிகள் அதோடே எடுக்கலாம். நெற்றி முதல் தாடை வரை முகம் முழுதும் தெரிந்தால் சரி.

எப்போதும் கண்ணாடி போடுபவர்கள், வங்கிப் போட்டோவுக்கும் போட்டுக்கொள்ளுங்கள். அதில் வெளிச்சம் பட்டுக் கண் மறைந்தால் முகத்தைத் துளி கீழே சாய்த்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லும் அலுவலகத்தில் மட்டும் கழற்றினால் போதும்.

உட்காரும்போது முதுகு நிமிர்ந்திருக்கட்டும். கேமராவை நேராகப் பாருங்கள். நம்மில் பலர் வெட்கத்தில் தலையைக் குனிந்துவிடுகிறோம். பயந்து மூச்சைப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. ஒருமுறை நன்றாக மூச்சு விட்டுவிட்டு, வாயை மூடி இயல்பாக இருங்கள்.

"எனக்கு எதுக்கு போட்டோ?"

ஒரு ஊரில் குழுப் போட்டோ எடுக்கும்போது ஓர் அம்மா மட்டும் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "நல்ல காரியத்துக்கு எடுக்கறீங்க, நான் எதுக்கு நடுவுல" என்றார். மற்றவர்களும் வற்புறுத்தவில்லை. எங்களுக்கு மனம் கேட்கவில்லை. அந்தக் குழு தொடங்கிய நாளிலிருந்து ஒரு வாரம்கூடச் சந்தா தவறாதவர் அவர். படத்தில் அவர் இல்லையென்றால், பார்ப்பவர்களுக்கு அந்தக் குழுவில் பதினோரு பேர்தான். குழுத் தலைவியே இறங்கிப்போய் கையைப் பிடித்து, "நீ இல்லாம நாங்க யாரும் நிக்க மாட்டோம் அக்கா" என்றார். பொட்டு இல்லாமல், கட்டியிருந்த புடவையோடே அந்த அம்மா முன்வரிசையில் நின்றார்.

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று சொல்லும் பாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்யாமல், ஓய்வூதியத்துக்கும் ரேஷனுக்கும் இந்த முகம்தான் சாட்சி என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஸ்டுடியோவில் கேட்க வேண்டியவை

காசு கொடுப்பது நாம். எனவே தயங்காமல் கேட்கலாம். "தம்பி, முகத்தை வெளுக்க வேண்டாம், மச்சத்தை எடுக்க வேண்டாம், இருக்கற மாதிரியே குடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் நிறம் கறுப்பு என்றால் படத்திலும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரிண்ட் போடும் முன் திரையில் காட்டச் சொல்லுங்கள். கண் மூடியிருக்கிறதா, முகத்தில் நிழல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். போட்டோவை உங்கள் செல்போனிலும் வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த முறை பிரிண்ட் மட்டும் போட்டால் போதும். பின்பக்கம் பெயர் எழுதுவதானால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை முகப்பக்கம் ஊறிவிடும்.

மீதிப் போட்டோக்களைப் பத்திரமாக வையுங்கள். வீடு தேடி வந்து போட்டோவும் ஆதார் நகலும் கேட்பவர்களிடம், எதற்கு என்று தெரியாமல் கொடுக்காதீர்கள்.

குழுப் போட்டோ எடுக்கும்போது

உயரமானவர்கள் பின்னால், குள்ளமானவர்கள் முன்னால் நில்லுங்கள். சூரியன் நேராகக் கண்ணில் அடித்தால் எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள். காலையிலோ மாலையிலோ மரநிழல் முழுவதுமாக விழும் இடத்தில் எடுக்கலாம். குழுப் பெயர்ப் பலகை யார் முகத்தையும் மறைக்கக் கூடாது. உறுப்பினர் அல்லாதவர்கள் படத்துக்குள் வேண்டாம். எடுத்தபின் தலைகளை எண்ணி, உறுப்பினர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் சொன்ன அக்கா புதிய போட்டோவோடு மறுபடி வங்கிக்கு வந்தார். கண்ணாடி இருந்தது, கன்னத்தில் மச்சம் இருந்தது. "இதுல கொஞ்சம் வயசாத்தான் தெரியுது மேடம்" என்று சிரித்தார். மேலாளர் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த படிவத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் எத்தனை பேரிடம் சமீபத்திய போட்டோ இருக்கிறது?

2. நம் குழுப் போட்டோவில் யாராவது விடுபட்டிருக்கிறார்களா? ஏன்?

3. எல்லோரும் ஒரே நாளில் போய் எடுத்தால் செலவு குறையுமா?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத மறக்காதீர்கள்.