மழைப் பத்தியை என்ன செய்வது?

அன்புள்ள தம்பிக்கு,

கதை வந்து சேர்ந்தது. முதல் தடவை வாசகனாகப் படித்தேன், அடுத்த தடவை பென்சிலோடு. நல்ல கதை. புகுந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு அக்கா திரும்பி வருகிறாள். பன்னிரண்டு வயசுத் தம்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்து வருகிறான். அப்பா வாசலில் நின்று அந்தப் பெட்டியைப் பார்க்கிறார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. “சாப்பிட்டியா?” என்கிறார். கதை இவ்வளவுதான், இதுவே போதும்.

நீளம் அதிகம் என்று பத்திரிகையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டதாகவும், எதை வெட்டுவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். கூடவே, “மழை வருகிற பகுதியை மட்டும் கை வைக்கச் சொல்லாதீர்கள்” என்று ஒரு வேண்டுகோள். எதைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பென்சில் நேராக அங்கேதான் போகும். போயிற்று.

தெப்பக்குளத்தின் மேல் மழை, கோபுரத்தில் ஒண்டும் புறாக்கள், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் பூக்காரி, தார் ரோட்டிலிருந்து எழும் ஆவி என்று ஒன்றரைப் பக்கம். ‘குளம் ஆயிரம் வாயால் மழையைக் குடித்தது’ என்று நடுவில் ஒரு வரி. வரியில் குறை இல்லை. அதை யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். பஸ் ஸ்டாண்டில் நிற்பவன் பையன். பஸ் இன்னும் வரவில்லை. சட்டைப் பையில் அப்பா கொடுத்த ஐம்பது ரூபாய் நனைந்துவிடக் கூடாது என்ற கவலை அவனுக்கு. அவன் குளத்தைப் பார்க்கமாட்டான், பார்த்தாலும் அதற்கு வாய் இருப்பதாக நினைக்கமாட்டான். அந்த ஒன்றரைப் பக்கமும் பையன் எங்கோ போய்விடுகிறான், அவன் நின்ற இடத்தில் நீ நிற்கிறாய். அவன் திரும்பி வருவதற்குள் பஸ்ஸும் வந்துவிடுகிறது. அவன் காத்திருந்த நேரம் வாசகனுக்குக் கிடைக்கவே இல்லை.

எழுத்தாளன் தன் செல்ல வரிகளைக் கொன்றுவிட வேண்டும் என்ற அறிவுரை உன் காதிலும் விழுந்திருக்கும். ஃபாக்னர் சொன்னதாகப் பலரும் சொல்வார்கள். அதற்கு முன்பே, 1914இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நடைபற்றிப் பேசிய ஆர்தர் குவில்லர்-கூச் சொன்னது அது. அவர் பேச்சு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டும் அலங்காரத்தைப் பற்றியது. பிடித்ததையெல்லாம் வெட்டு என்று அவர் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் அதை ஒரு வீரச் செயல் மாதிரி ஆக்கிவிட்டார்கள். எழுதியதில் பாதியைக் கிழித்துப் போட்டேன் என்று பெருமை பேசுகிறவர்களை நீயும் சந்திப்பாய், நம்பாதே.

ஹெமிங்வேயின் முதல் பெரிய நாவலுக்கு நடந்ததைச் சொல்கிறேன், அதில் உனக்கு வேலை இருக்கிறது. 1926 ஜூன். அவருக்கு வயது 26. ‘தி சன் ஆல்ஸோ ரைசஸ்’ கைப்பிரதி ஏற்கெனவே நியூயார்க்கில் பதிப்பாளரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஃபிரான்சின் தென்கடற்கரையில் இருந்த நண்பர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டிடம் அதன் நகலைப் படிக்கக் கொடுத்தார். ‘கிரேட் கேட்ஸ்பி’ அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளிவந்திருந்தது. ஹெமிங்வேயைப் பற்றித் தன் பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்க்கின்ஸிடம் முதலில் சொன்னவரும் ஃபிட்ஸ்ஜெரால்ட்தான். அப்படிப்பட்டவர், தொடக்கம் சரியில்லை என்று கைப்பட ஒரு நீண்ட கடிதம் எழுதினார். துணுக்குகளும் கிண்டல்களும் கதைக்குத் தேவைப்பட்டு வரவில்லை, சொல்வதில் இருக்கும் ருசிக்காக வந்திருக்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு.

அந்தத் தொடக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? கதாநாயகி பிரெட் யார், அவளுக்கு நடந்த கல்யாணங்கள் என்ன, அவள் காதலன் மைக்கின் பணக் கஷ்டம் எப்படிப்பட்டது, கதை சொல்லும் ஜேக் எப்படிப்பட்டவன் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவைத்திருந்தார். நடுவில் பாரிஸ் இலக்கிய வட்டத்து வம்பும் உண்டு. ஃபிட்ஸ்ஜெரால்ட் குறைக்கத்தான் சொன்னார். ஹெமிங்வே யோசித்துப் பார்த்துவிட்டு அந்தப் பகுதியை அப்படியே எடுத்துவிட்டார். அக்டோபரில் வந்த புத்தகம், ராபர்ட் கோன் பிரின்ஸ்டனில் குத்துச்சண்டை வீரனாக இருந்ததைச் சொல்லிக்கொண்டு தொடங்குகிறது.

இதனால் பிரெட்டுக்குக் கிடைத்ததைப் பார். இப்போது அவள் மூன்றாம் அத்தியாயத்தில், ஒரு நடனக் கூடத்துக்குள் இளைஞர் கூட்டத்தோடு நுழைகிறாள். இவள் யார் என்று நமக்குத் தெரியாது. ஜேக் அவளைப் பார்க்கும் விதத்திலிருந்துதான் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொள்கிறோம். பழைய தொடக்கம் இருந்திருந்தால் அவள் ஜாதகமே நம் கையில் இருந்திருக்கும். வெட்டிய பக்கங்களில் இருந்த செய்திகளில் முக்கால்வாசி பின்னால் வரும் காட்சிகளிலும் பேச்சுகளிலும் தானாகவே வந்துவிடுகின்றன. ஹெமிங்வே கதைக்குள் நுழைவதற்கு அந்தப் பக்கங்களை எழுத வேண்டியிருந்தது, வாசகன் நுழைவதற்கு அவை தேவைப்படவில்லை. உன் மழையும் அந்த வகைதான். “மழைதான் முதலில் வந்தது, கதை அப்புறம்தான் வந்தது” என்று நீயே எழுதியிருக்கிறாய். மணம் குழம்பில் இறங்கிவிட்டது, கறிவேப்பிலையை இலையோரம் ஒதுக்குவதில் அதற்கு அவமானம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. வெட்டிய பக்கங்களில் ஒரு வேடிக்கைச் சம்பவம் இருந்தது. காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும் ஓர் எழுத்தாளர், போகிற ஒருவரை முகத்தில் அடித்தாற்போல அலட்சியப்படுத்திவிட்டு, அது எழுத்தாளர் ஹிலேர் பெல்லாக் என்று பெருமையடித்துக்கொள்கிறார். போனவர் பெல்லாக்கே இல்லை, மந்திரவாதம் செய்வதாகப் பேர்போன அலெய்ஸ்டர் குரோலி என்பது அப்புறம் தெரிகிறது. நாவலில் இடமில்லாமல் போன இந்தச் சம்பவம், ஹெமிங்வே இறந்த பிறகு 1964இல் வெளிவந்த ‘எ மூவபிள் ஃபீஸ்ட்’ என்ற பாரிஸ் நினைவுக் குறிப்புகளில், ஃபோர்ட் மடாக்ஸ் ஃபோர்டைப் பற்றிய அத்தியாயமாக வருகிறது. அங்கே அது பிரமாதமாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அழிக்காதே. வெட்டுகிறதை வேறொரு ஃபைலில் ஒட்டி, தேதி போட்டு வை. கையால் எழுதுகிறவனாக இருந்தால் ஒரு பழைய கவர் போதும். அழிக்கவில்லை, எடுத்து வைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் கை நடுங்காது.

இனி வேலைக்கு வருவோம். ஒன்றரைப் பக்கத்தையும் எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் இடறியது. ஒன்று, மழை பெய்ததே தெரியாமல் அக்கா நனைந்துகொண்டு இறங்குகிறாள். அது சின்ன விஷயம், ஒரு வரியில் சரியாகிவிடும். மற்றது பெரியது. ‘அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் இப்படித்தான் பெய்தது’ என்று அந்தப் பத்தியின் கடைசியில் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறாய். அம்மா இல்லை என்பது கதையில் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அது போனால் அப்பாவின் “சாப்பிட்டியா?” வெறும் விசாரிப்பாகிவிடும். அம்மா கேட்க வேண்டியதை அவர் கேட்கிறார் என்பதில்தானே அதன் கனம் இருக்கிறது. பிடித்த பகுதியை வெட்டியதும் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். அதற்குள் கதைக்கு வேண்டிய ஏதாவது ஒன்று மாட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிரித்தெடுத்து வேறு இடத்தில் ஊன்றினால்தான் வேலை முடியும்.

இந்த மாதிரி இருக்கலாமா, பார்:

‘மழை பிடித்துக்கொண்டது. ஐம்பது ரூபாயைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து டவுசர் பைக்கு மாற்றினான். பூக்காரி சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

“யாருக்குடா நிக்கிறே?”

“அக்கா வருது.”

“தலை தீபாவளிக்கா? மாப்பிள்ளையும் வர்றாரா?”

“ஆமா,” என்றான்.

“உங்கம்மா இருந்தா இந்நேரம் குடையோட வந்து நின்னிருப்பா.”’

இதை அப்படியே போட்டுவிடாதே, உதாரணத்துக்காக என் கையால் எழுதியது. உன் பத்தியில் பூக்காரி ஓவியத்தில் இருக்கிற மாதிரி அசையாமல் இருந்தாள். இங்கே வாயைத் திறக்கிறாள், பையன் ஒரு பொய் சொல்ல வேண்டியதாகிறது. மழையும் இருக்கிறது, அம்மாவும் இருக்கிறாள், குளம் போய்விட்டது.

அடுத்தது கடைசிப் பத்தி. “சாப்பிட்டியா?” என்று அப்பா கேட்ட பிறகு ஆறு வரி எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சொல்லில் ஒரு தகப்பனின் மொத்தப் பாசமும் எப்படி அடங்கியிருந்தது என்று விளக்குகிறாய். அது வேண்டாம். கதையை எழுதி முடித்ததும் அதன் ஆரம்பத்தையும் முடிவையும் அடித்துவிட வேண்டும் என்று செகாவ் சொல்வாராம், எழுத்தாளர் புனின் நினைவுகூர்ந்திருக்கிறார். பொய் சொல்லும் ஆசை அந்த இரண்டு இடத்திலும்தான் அதிகம் என்பது செகாவின் எண்ணம். நம் ஊரில் பொய்யைவிடப் பயம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. வாசகனுக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம். பள்ளிக்கூடத்தில் கதைக்கு அடியில் நீதி எழுதிப் பழகிய கை வேறு. உன் வாசகன் அப்பா இருக்கிற வீட்டில் வளர்ந்தவன், அவனுக்குப் புரியும்.

எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. வெட்டுவதிலும் வெறி உண்டு. ரேமண்ட் கார்வரின் கதைகளை அவருடைய பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் வெட்டிய வரலாறு அதற்குச் சாட்சி. பிறந்தநாளன்று ஒரு பையன் காரில் அடிபடுகிறான். அவனுக்காக கேக் ஆர்டர் எடுத்த பேக்கரிக்காரன் விஷயம் தெரியாமல் ஃபோன் செய்து தொந்தரவு கொடுக்கிறான். கார்வர் எழுதியபடி, பையன் இறந்த பிறகு பெற்றோர் நள்ளிரவில் சண்டைபோட பேக்கரிக்குப் போகிறார்கள். அவன் மன்னிப்புக் கேட்டு, உட்காரவைத்து, சூடான ரொட்டி கொடுக்கிறான். லிஷ் அதை முழுக்க வெட்டி, ஃபோன் மணி அடிப்பதோடு முடித்தார். 1980 ஜூலை 8ஆம் தேதி, அந்தக் கதை வரவிருந்த புத்தகத்தை நிறுத்துங்கள் என்று கார்வர் கெஞ்சிக் கடிதம் எழுதினார். நிற்கவில்லை, 1981இல் வந்தது. 1983இல் தன் அடுத்த தொகுப்பில் அந்தக் கதையை ரொட்டியோடு சேர்த்து முழுசாகப் போட்டார் கார்வர். வெட்டிய வடிவத்தை மெச்சுகிறவர்கள் இன்றும் உண்டு. என் ஓட்டு ரொட்டிக்குத்தான். அங்கே பேசுவது பேக்கரிக்காரன், கார்வர் அல்ல. அந்த ரொட்டியைத் தின்பவர்கள் இரண்டு வரிக்கு முன்னால் அவனை அடிக்க வந்தவர்கள்.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் சங்கீதம் வருகிற பக்கங்களும் அப்படித்தான். நீளமாகத்தான் இருக்கும். ரங்கண்ணாவிடம் உட்கார்ந்து பாபு கேட்கிற கேள்வி ஞானம் அது, எடுத்துவிட்டால் பாபுவில் பாதி போய்விடும். நீளமோ அழகோ குற்றம் அல்ல. பாத்திரத்தின் கண்ணும் காதும் இருக்கிற பத்தி எவ்வளவு நீளமாக இருந்தாலும் தாங்கும்.

கடைசியாக ஒன்று. நான்காம் பக்கத்தில், பெட்டிக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கண்டக்டர் அக்காவிடம் தகராறு செய்ததை அவள் பையனிடம் சொல்கிறாள் அல்லவா, அதை நீ வெட்டலாம் என்று கோடு போட்டிருக்கிறாய். கோட்டை அழித்துவிட்டேன். அந்தப் பெட்டி எவ்வளவு பெரியது, அவள் எத்தனை நாளுக்கு வந்திருக்கிறாள் என்பது எனக்கு அந்தத் தகராறிலிருந்துதான் தெரிந்தது. நீ அதை யோசிக்காமல் எழுதியிருப்பாய், அதனால்தான் உனக்கு அதன்மேல் பாசம் இல்லை.

திருத்தியதை உடனே அனுப்பாதே. இரண்டு வாரம் கழித்து, அக்காவோ அம்மாவோ வேலையாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டு. எங்கே அவர்கள் கை நிற்கிறது, எங்கே மறுபடி கீரையை ஆயப் போகிறார்கள் என்று கவனித்து, ஓரத்தில் குறித்துக்கொண்டு அந்தப் பிரதியை எனக்கு அனுப்பு. குளத்தின் ஆயிரம் வாய் வரியை அனுப்ப வேண்டாம், அது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அன்புடன்,
அண்ணன்